கிரைண்டர் ஓடாத மத்தியானம்

எந்தப் பொத்தானை அழுத்தினாலும் கம்ப்யூட்டர் 'பீப்' என்று ஒரு சத்தம் போட்டதே தவிர, ஒரு எழுத்தைக்கூட உள்ளே விடவில்லை. லோகநாயகி காலையிலிருந்து அடித்ததெல்லாம் திரையில் அப்படியே உறைந்து நின்றது. டாங்கித் தொழிற்சாலை நாடகக் குழுவின் வெள்ளி விழா மலர். வாழ்த்துரைகள், பழைய நடிகர்களின் பெயர்கள், ராணி வேஷம் கட்டிய வெல்டரின் நினைவலைகள் என்று கடைசிப் பக்கம்வரை வந்தாயிற்று. ஆனால் எதையும் அவள் பதிவு செய்திருக்கவில்லை. பூந்தமல்லியில் டைப்ரைட்டர் தட்டிப் பழகிய கை அது. அடித்தால் தாளில் விழுந்துவிடும், அதற்குமேல் பத்திரப்படுத்த என்ன இருக்கிறது என்ற நினைப்பு இன்னும் அவளை விட்டுப் போகவில்லை.

அம்பத்தூரில் அச்சகம் வைத்திருக்கும் பக்தவத்சலம் சாயங்காலத்துக்குள் ஃப்ளாப்பி வேண்டும் என்று கறாராகச் சொல்லியிருந்தார். அவளை நம்பி அவர் கொடுத்த முதல் வேலை. ஒழுங்காக முடித்துக் கொடுத்தால் இனி வேலை கோவில்பதாகையில் இருக்கும் அவள் வீட்டைத் தேடி வரும். சொதப்பினால் பழையபடி பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு டைப்ரைட்டிங் கடைக்கு ஓட வேண்டியதுதான். அந்த முதலாளியின் மூஞ்சியை நினைத்தாலே அவளுக்குக் குமட்டியது.

பக்கத்து வீட்டு ஜமீலாவிடம் போன் இருந்தது. கம்ப்யூட்டர் விற்ற பரந்தாமனைப் பிடித்துக் கேட்டதற்கு, அணைத்துவிட்டுத் திரும்பப் போடச் சொன்னார். அவருக்கென்ன, சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அணைத்தால் மலர் மொத்தமும் அம்போ.

கூடவே வந்த ஜமீலா திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

"நீ அணைக்க மாட்ட, சரி. கரண்ட்டு போனா?"

 அந்தத் தெருவில் எதிர் வீட்டுப் பொன்னியம்மா கிரைண்டரைப் போட்டால் போதும், கம்பத்தில் ஃப்யூஸ் போய்விடும். போகாத நாள்தான் அபூர்வம். ஜமீலா துப்பட்டாவை இழுத்துப் போட்டுக்கொண்டு கிளம்பினாள். வீடு வீடாக என்ன சொன்னாளோ தெரியாது, திரும்பி வரும்போது தெருவில் மிக்ஸி இல்லை, மோட்டார் இல்லை, இஸ்திரிப் பெட்டி இல்லை. லோகநாயகி வீட்டில் யாருக்கோ உயிர் ஊசலாடுகிறது என்கிற மாதிரி ஜனங்கள் வாசலில் நின்று கிசுகிசுத்தார்கள். பொன்னியம்மா ஜன்னலோரம் வந்து இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"எம்மா நேரம்டி ஆவும்? அரிசி ஊறிகினு கீது."

சாப்பிட வந்த உத்தமன் விஷயத்தைக் கேட்டதும், டிவியைத் தட்டுவதுபோல் கம்ப்யூட்டரையும் ஒரு தட்டுத் தட்டக் கையை ஓங்கினான். லோகநாயகி பாய்ந்து பிடித்துக்கொண்டாள். கட்டிய புருஷன் என்றுகூடப் பார்க்காமல் ஒரு முறை முறைத்தாள். பிறகு தூசி கீசி இருக்குமோ என்று குனிந்து கீபோர்டை ஊதினாள். தூசி வரவில்லை. சந்தன வாசனை வந்தது.

முந்தாநாள் ஆயுத பூஜை. தொழிற்சாலையில் மெஷினுக்கு மெஷின் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டு வந்த உத்தமன், அதே பக்தியோடு வீட்டிலும் ஒரு பொத்தான் விடாமல் பொட்டு வைத்திருந்தான். பூஜையில் வைத்ததைத் தொடக்கூடாது என்று நேற்றுவரை விட்டுவைத்து, இன்று காலையில்தான் அவள் ஈரத்துணியால் துடைத்தாள். துடைத்தது போக மிச்சம் கரைந்து இடுக்கில் இறங்கிக் காய்ந்திருக்கிறது. விரலால் வரிசையாகத் தடவிப் பார்த்தாள். அடி வரிசையில் ஆல்ட் பொத்தான் மட்டும் அழுத்தியது அழுத்தியபடி பள்ளமாகக் கிடந்தது. அது அமுங்கியிருக்கும்வரை வேறு எதைத் தட்டினாலும் மெஷினுக்குப் புரியாது.

"டாங்கிக்கே சந்தனம் வெச்சவன் நானு," என்றான் உத்தமன், குரல் இறங்கி. "அது ஓடலையா இன்னா?"

அவள் புடவை ஊக்கைக் கழற்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, பொத்தானின் ஓரத்தில் விட்டு நெம்பினாள். 'டக்' என்று எழுந்தது. பதிவு செய்யும் பொத்தானைத் தட்டினாள். ஃப்ளாப்பி கர்ரென்று சுற்றத் தொடங்கியதும் அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஜமீலா அவளைக் கட்டிக்கொண்டாள். சந்தோஷத்தில் தெருவுக்குச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

சாயங்காலம் என்று சொல்லியிருந்த பக்தவத்சலம் அதற்குள் வந்து நின்றார். நாற்காலியை இழுத்துப் போட்டு ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். பாராட்டவுமில்லை, குறை சொல்லவுமில்லை. கடைசிப் பக்கத்தில் நின்று, அச்சகத்தின் பெயருக்கு மேலே ஒரு வரி விட்டுப் போயிருக்கிறதே என்றார். ஒளியச்சு யார், அதாவது கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுத்த கடை எது என்று போட வேண்டுமாம்.

"கடை எதுவும் இல்லீங்களே," என்றாள் லோகநாயகி.

"கடை எதுக்கும்மா? உம் பேரப் போடு. நாளைக்கு நாலு பேரு கேட்டு வருவாங்கல்ல."

உத்தமன் தன் பேரையும் சேர்க்கலாமா என்று ஆரம்பித்து, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

ஊரில் உள்ளவர்கள் பேரையெல்லாம் இத்தனை வருஷமாக அடித்திருக்கிறாள். தன் பேரை அடித்ததில்லை. 'ஒளியச்சு' என்று தட்டி முக்காற்புள்ளி வைத்தாள். ஜன்னலில் பொன்னியம்மாவின் முகம் மறுபடியும் தெரிந்தது.

"இன்னாடி, கிரைண்டரு போடலாமா?"

"ஒரே ஒரு வரிதான், அக்கா," என்றாள் லோகநாயகி.

தெரு அடங்கியே இருந்தது. முக்காற்புள்ளிக்குப் பக்கத்தில் கர்சர் மினுக் மினுக்கென்று துடித்துக்கொண்டிருக்க, அவள் உள்ளங்கைகளைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.