ஹாஜி ஷெஃப்கியாவின் நோன்பு

இதனால் போஸ்னிய மலைகளுக்கும், அவற்றின் நடுவே ஓடும் ஆற்றுக்கும், ஊரிலுள்ள சகலருக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால்: மரமில் முதலாளி ஹாஜி ஷெஃப்கியாவின் பரிகார நோன்பு இன்று மாலையோடு பூர்த்தியாகிறது.

சரிவில் அவர் நிறுத்திய லாரி தானாக உருண்டு, கீழே கதவுக்குப் பச்சை வண்ணம் அடித்துக்கொண்டிருந்த இப்ரோவை நசுக்கியது. தெரியாமல் உயிரைப் போக்கியவன் இரண்டு மாதம் இடைவிடாமல் நோன்பிருக்க வேண்டும். நடுவில் தவறினால் முதலிலிருந்து. குடும்பத்துக்கு ஈடும் தர வேண்டும், அவர்களாக விட்டுக்கொடுத்தாலொழிய. அந்த விட்டுக்கொடுத்தலைச் சபையில் வாங்கத்தான் இந்த விருந்து.

இரண்டு மாதமும் எங்கள் காப்பிக்கடை ஒரு சட்டக் கல்லூரியாக இருந்தது. பக்கத்து மேசைக்காரன் விட்ட சிகரெட் புகை ஹாஜியின் மூக்கில் ஏறினால் நோன்பு முறியுமா? இதற்காக இரண்டு சம்பந்திகள் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். லாரியைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

மில்லுக்குக் கீழே, அதே சரிவின் அடியில் மேசைகள் போட்டிருந்தார்கள். இப்ரோவின் மனைவி மெவ்லிதா, மகளோடு கடைசி மேசையில் இருந்தாள். மெலிந்து புனிதராகிவிட்ட ஹாஜி எழுந்தார்.

"மெவ்லிதா, தங்கச்சி, எல்லார் முன்னாடியும் கேக்கறேன். மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லிடும்மா."

மெவ்லிதா அவரைப் பார்க்கவில்லை. சரிவின் மேலே நின்ற லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த வண்டிதானே அது, ஹாஜி?"

"ஆமா. விருந்துக்கு விறகு கொண்டாந்தது."

"பிரேக் சரி பண்ணியாச்சா?"

டிரைவர் நெசிர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

"நான் அப்பவே சொன்னேன் அக்கா. பிரேக் பிடிக்கலன்னு, இப்ரோ அண்ணன் போறதுக்கு முன்னாடியே, ரெண்டு தரம்..."

"டேய், வாய மூடு," என்றார் ஹாஜி. நோன்பாளியின் குரலாக அது இல்லை.

இமாம் எஃபெந்தி தொண்டையைச் செருமினார். "தங்கச்சி, அது வேற விஷயம். நோன்பு ஒண்ணுகூட விடல. நானே சாட்சி."

"பிரேக் இல்லன்னு தெரிஞ்சே வண்டிய நிறுத்துனதுக்கும் இந்த நோன்புதானா, எஃபெந்தி?"

எஃபெந்தி தட்டிலிருந்த பேரீச்சம்பழத்தை ஆராயத் தொடங்கினார்.

"பயப்படாதீங்க அக்கா," நெசிர் அவசரமாகச் சொன்னான், "சக்கரத்துக்குப் பெரிய கல்லா அண்டக் குடுத்திருக்கேன்."

சூப் அண்டாவின் பக்கத்திலிருந்து சமையல்காரி சுஹ்ரா தலையை நீட்டினாள். "எந்தக் கல்லு? வெள்ளையா, தட்டையா இருந்ததே, அதுவா? அண்டா ஆடுதேன்னு நான்ல அதை எடுத்தேன்!"

எல்லோரும் அண்டாவின் அடியைப் பார்த்தார்கள். கல் அங்கேதான் இருந்தது, அசையாமல், கடமை தவறாமல்.

மெவ்லிதா மகளின் கையைப் பிடித்து எழுப்பி, கல்சுவரின் பின்னால் போய் நின்றாள். வார்த்தையைச் சொல்லவில்லை.

அப்போது பள்ளிவாசலில் பாங்கு ஒலித்தது. கல்லை எடுக்க நெசிர் எழப்போனான். "எங்கடா? முதல்ல நோன்பத் திறந்துடலாம்," என்று ஹாஜி அவன் தோளை அழுத்தினார். மேலே, மாலை வெளிச்சத்தில், லாரியின் மரச்சட்டம் ஒன்று மெல்ல முனகியது.

சூப்பில் உப்பு சரியாக இருந்தது.