கணக்கில் சேராத பதினோரு பேர்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கனமான கதைதான். ஆனாலும் உங்களைப் பாதியில் தவிக்க விட்டுப் போய்விட மாட்டேன்.

ஓர் ஆஸ்பத்திரியில், உயிரை விடத் துணிந்து பிழைத்து வீடு திரும்பியவர்களை மாதாமாதம் போனில் விசாரிக்கும் வேலை ஒருத்திக்கு. அப்படி விசாரித்துக்கொண்டே இருந்தால் அவர்கள் மறுபடி அந்தப் பக்கம் போகாமல் இருப்பார்களா என்று டாக்டரம்மா ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். எடுக்காதவர்களை வெவ்வேறு நாளில் மூன்று தடவை கூப்பிட வேண்டும். அப்போதும் எடுக்காவிட்டால் ‘தொடர்பு இல்லை’ என்று எழுதி, கணக்கிலிருந்து நீக்கிவிட வேண்டும். அதுதான் முறை.

அவர்களில் ஒரு மெக்கானிக். இவள் குரலைக் கேட்டுக் குயில் என்று பெயர் வைத்தவன் அவன்தான்.

“ராத்திரி தூக்கம் வருதா?”

“நீங்க கேள்வி கேக்க ஆரம்பிச்சாலே வந்துடுது, குயிலு.”

அன்று மாதக் கடைசி. பட்டியலை முடித்தாக வேண்டும். வீட்டில் மகளுக்குக் காய்ச்சல். மெக்கானிக்கோ பேச ஆரம்பித்தால் லேசில் விடமாட்டான். கூப்பிட்டாள், எடுக்கவில்லை. கால் மணி நேரத்துக்குள் இன்னும் இரண்டு தடவை. எடுக்கவில்லை என்றதும், சொல்லவே கூசுகிறது, அவளுக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. படிவத்தில் மூன்று வெவ்வேறு தேதிகளைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினாள்.

இரண்டு வாரம் கழித்து அவனுடைய அக்கா வந்து நின்றாள். ஆள் உயிரை விட்டிருந்தான். கையில் அவன் போன்.

“ஒரே சாயங்காலத்துல மூணு தடவை அடிச்சிருக்கு. அப்புறம் ஒண்ணுகூட இல்ல. இங்க யாரோ குயிலாமே?”

“நான்தாங்க.”

“அன்னிக்குப் போனைப் பட்டறையில மறந்துட்டு வந்துட்டான். மறுநாள் நீயே கூப்பிடேன்டான்னேன். வேலை நேரத்துல தொந்தரவு பண்ணக்கூடாது, குயிலே கூப்பிடும்னான். அதுக்கப்புறம் மூணு நாள் இருந்தான்.”

குயில் அந்த அக்காவிடம் உண்மையைச் சொல்லாமல் உள்ளே போனாள்.

டாக்டரம்மா முடிவுகளை எழுதிக்கொண்டிருந்தார். தொடர்பில் இருந்தவர்களில் ஒருவர்கூடச் சாகவில்லை! முகமெல்லாம் சிரிப்பு.

“டாக்டரம்மா, நான் பொய்த் தேதி போட்டேன்.” எல்லாவற்றையும் சொன்னாள்.

“இதுக்கு உங்க வேலை போகும், தெரியுமா?”

“தெரியும். ஆனா தொடர்பு இல்லைன்னு நாம விட்டவங்க பதினோரு பேரு. போன் எடுத்துப் பேசறவங்க நல்லாத்தான் இருப்பாங்க, டாக்டரம்மா. எடுக்காதவங்களை யாரு பாத்தா?”

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “தேதி நீங்க போட்டது. எடுக்காதவங்களை விட்டுடலாம்னு முறை வெச்சது நான்” என்றார்.

இருவரும் வீடு வீடாகப் போனார்கள். எட்டுப் பேர் உயிரோடு இருந்தார்கள். ஒருவர் நம்பர் மாற்றியிருந்தார். ஒரு பெண், “போனை எடுக்காம இருந்தா யாராவது தேடி வர்றாங்களான்னு பாத்தேன்” என்றாள். மெக்கானிக்கோடு சேர்த்து மூன்று பேர் இல்லை. டாக்டரம்மா அதை அப்படியே எழுதினார். ஆராய்ச்சியின் பளபளப்பு போயிற்று. டாக்டரம்மா முறையையும் மாற்றினார்: இனி எடுக்காதவர்தான் பட்டியலில் முதல் ஆள். சம்மதம் கேட்டு வீட்டார் நம்பரும் வாங்க வேண்டும், வாசலுக்கே போய்ப் பார்க்க வேண்டும், யாரையும் நீக்கக் கூடாது.

குயிலின் வேலை போனது. அது நியாயம்தான். அதன் பிறகுதான் அக்காவின் வீட்டுக்குப் போய்த் தன் வாயாலேயே உண்மையைச் சொன்னாள்.

“அந்த மூணு நாள்ல நீ கூப்பிட்டிருந்தா இருந்திருப்பானா?”

“தெரியலைங்க.”

“இப்ப வீட்டுக்காரங்க நம்பரெல்லாம் வாங்கறீங்களாமே. என் நம்பரை யாரும் கேக்கலையே, தாயி.”

மன்னித்தாளா என்று கேட்காதீர்கள். அந்த அக்கா கதவைச் சாத்தவில்லை. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

உங்கள் வீட்டில் யாராவது வாய் மூடிக் கிடந்தால், இரண்டாம் தடவையும் போய்க் கேட்கிற மனசு உங்களுக்கு வாய்க்கட்டும், கண்ணுகளா. கேட்டால் சொல்கிற தைரியம் அவர்களுக்கு வரட்டும். உங்கள் வீட்டில் ஒரு தலையும் குறையாமல் எல்லோரும் நன்றாக இருங்கள்.