மலையில் யாருக்கும் தாகமில்லை

ஹாலிஎல கடைத்தெருவில் ஒரு தேநீர்க் கடையின் சுவரோரம் ஆறு சைக்கிள்கள் சாய்ந்து நின்றன. பதுளையிலிருந்து விடியும்போதே கிளம்பிய கூட்டம் அது. பண்டாரவளை, அப்புத்தளை என்று ஏறி, கொஸ்லந்தைப் பக்கமாக இறங்கி, மூன்றாம் நாள் மொனராகலையில் போய் நிற்பதாகத் திட்டம். ஐந்து ஆண்கள், ஒரு பெண்.

அந்தப் பெண் ஷஹீலா. பதுளை பஸாரில் கணவனோடு துணிக்கடை நடத்துபவள். எதைப் பார்த்தாலும் ஏன், எப்படி என்று கேட்காமல் அவளால் இருக்க முடியாது. பஸ்ஸில் போகும்போது ஒரு கேள்வி முளைத்தால் இறங்கிக் கேட்க வழியில்லை, சைக்கிளில் என்றால் காலை ஊன்றினால் போதும் என்பாள். சைக்கிள் மோகம் அப்படித்தான் அவளைப் பிடித்துக்கொண்டது.

"ஷஹீலா, உங்கட போத்தல்ல தண்ணி இன்னும் நிறைய ஈக்கே?" என்றார் தாஸிம் நானா. பதுளையில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் அவர்தான் கூட்டத்துக்குத் தலைவர். "ஏத்தம் இனித்தான் வருது. குடிச்சுக்கொண்டே வரணும்."

"தாகமில்ல நானா" என்றாள்.

அது பொய். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. போன மாதம் பசறைப் பக்கம் சைக்கிள் ஓட்டிப் பழகப் போனபோது, கழிப்பறை தேடி இரண்டு இடத்தில் நிற்கச் சொன்னாள். ஆண்கள் தேவை வந்தால் பாதையோரம் திரும்பி நின்று வேலையை முடித்துக்கொள்கிறார்கள். அவளுக்காக மட்டும் கூட்டம் முழுவதும் காத்திருக்க வேண்டியிருந்தது. வங்கியில் வேலை செய்யும் நிஷாந்த், "அக்காவோட வந்தா மொனராகலைக்கு அடுத்த பெருநாளைக்குத்தான் போய்ச் சேரலாம்" என்று சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அன்றிரவே முடிவெடுத்துவிட்டாள். பயணத்தில் உதட்டை நனைப்பதோடு சரி.

தெமோதரையில், ரயில் தன் ஸ்டேஷனுக்கே அடியில் சுற்றிவந்து நுழையும் சுரங்கப் பாதையைப் பார்த்து நின்றாள். எந்தப் பக்கத்திலிருந்து முதலில் தோண்டினார்களோ என்று யோசித்தபடியே மிதித்தாள். ஆனால் பண்டாரவளை தாண்டியதும் கேள்விகள் நின்றுபோயின. தலைக்குள் மத்தளம் அடித்தது. ஏற்றத்தில் தார்ச்சாலை லேசாக ஆடுவது போலிருந்தது.

அப்புத்தளைக்குச் சற்று முன்னால், தேயிலை மலை ஒன்றின் ஓரத்தில் நிஷாந்தின் பின் சக்கரத்தில் காற்று இறங்கிவிட்டது. கல்லொன்று டயரைக் கிழித்திருந்தது. ஆண்கள் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஷஹீலா தன் போத்தலை எடுத்துக்கொண்டு மலைச் சரிவைப் பார்த்தாள். மேலே சில பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் விரல்கள் போகும் வேகம் அவளை இழுத்தது. தேயிலைச் செடிகளுக்கு இடையே இருந்த ஒற்றையடிப் பாதையில் ஏறினாள்.

"எங்கருந்துங்க வாறீங்க?" என்று ஒருத்தி முதலில் கேட்டாள். பெயர் யசோதினி. ஷஹீலாவின் வயதுதான் இருக்கும்.

"பதுளை. மொனராகலைக்குப் போறம்."

"சைக்கிள்லயா? அம்மாடி!" யசோதினி பக்கத்தில் நின்றவளைப் பார்த்து, "நமக்கு லயத்து வீட்டுலருந்து மலைக்கு ஏறுறதுக்குள்ளயே மூச்சு வாங்குது" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள்.

வெயில் உச்சியில் நின்றது. அவர்கள் நெற்றியிலும் கழுத்திலும் வியர்வை வழிந்தது. ஷஹீலா போத்தலை நீட்டினாள். "கொஞ்சம் குடிங்க. நான் வாய் வெச்சுக் குடிக்கல்ல."

"வேணாங்க."

பக்கத்தில் நின்றவளிடம் நீட்டினாள். அவளும் தலையாட்டி மறுத்தாள். அடுத்தவளும் அப்படியே. இவ்வளவு வெயிலில் ஒருத்திக்குக்கூடவா தாகமில்லை? ஷஹீலாவின் முகம் சிவந்தது. என்ன நினைத்து மறுக்கிறார்கள் என்று மனம் தாறுமாறாக ஓடியது. மனதில் வைத்துக்கொண்டிருப்பது அவள் சுபாவம் இல்லை.

"நான் சோனக ஆள், முஸ்லிம் எண்டு குடிக்க மாட்டீங்களா?"

யசோதினி பதறிப்போனாள். "ஐயையோ, என்னங்க இப்புடி கேட்டுட்டீங்க! டவுன்ல ஒங்காளுக கடையிலதானே நாங்க சோறே திங்கிறோம். அது இல்லீங்க." சாலையில் இருந்த ஆண்களை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "தண்ணி குடிச்சா அப்பறம் எங்கங்க போறது?"

ஷஹீலாவுக்குச் சட்டென்று பிடிபடவில்லை.

"கீழ ரோட்டுல பஸ்ஸு போகுது. மேல மருந்தடிக்கிற ஆம்பளைக. கக்கூசு லயத்துலதான் இருக்கு. எறங்கி ஏறி வந்தா கொழுந்து கொறஞ்சிரும், அரப் பேருதான் போடுவாக, பாதிச் சம்பளந்தான் கெடைக்கும். அதான் காலையில ஒரு வாய் தேத்தண்ணி. இனி வீட்டுக்குப் போயித்தான்."

"தினமுமா?"

"தெனமுந்தான். போன மாசம் எனக்கு ஒண்ணுக்குப் போறப்ப நெருப்பா எரிஞ்சிச்சு, ரத்தம் வேற. ஆஸ்பத்திரிக்குப் போனா, நெறைய தண்ணி குடிங்கம்மான்னு சொல்லி அனுப்பிட்டாங்க." அதையும் அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பிறகு ஷஹீலாவின் வெடித்த உதடுகளையும் கையிலிருந்த போத்தலையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஆமா, பதுளையிலருந்து மிதிச்சு வாறீங்க. ஒங்க போத்தல் ஏன் நெறஞ்சே இருக்கு?"

ஷஹீலாவுக்குத் தலை சுற்றியது. அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்கும் அதே கதைதான்" என்றாள் மெதுவாக. இது தன் ஒருத்திக்கு மட்டுமே உரிய சங்கடம், யாரிடமும் சொல்லக் கூடாதது என்றுதான் அவள் இவ்வளவு நாளும் நினைத்திருந்தாள்.

"சைக்கிள்ல ஊரு சுத்துற ஒங்களுக்குமா?" யசோதினி இடுப்பில் சுற்றியிருந்த முரட்டுப் படங்குச் சீலையை அவிழ்த்தாள். இன்னொருத்தியும் தன்னுடையதை அவிழ்த்தாள். "அந்த மரத்துப் பக்கம் வாங்க. நாங்க மறைச்சுப் புடிக்கிறோம். அட்டை கடிக்கும், பாத்துக்கங்க."

இரண்டு படங்குகள் விரிந்து சுவராயின. திரும்பி வந்து ஷஹீலா போத்தலைக் கவிழ்த்துப் பாதித் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள். மிச்சத்தை யசோதினியிடம் நீட்டினாள். அவள் ஒரு கணம் தயங்கிவிட்டு வாங்கிக் குடித்தாள். "நல்லா இருக்குங்க" என்றாள், புது ருசி ஒன்றைக் கண்டதுபோல.

கீழே டயர் தயாராகிவிட்டிருந்தது. "என்னக்கா, பேட்டி முடிஞ்சிச்சா? நேரம் போகுது" என்றான் நிஷாந்த்.

இந்தமுறை ஷஹீலா சிரிக்கவில்லை. "நிஷாந்த், காலையிலருந்து நான் ஏன் தண்ணி குடிக்கல்ல தெரியுமா? நிப்பாட்டச் சொன்னா நீங்க சிரிப்பீங்க எண்டுதான். இப்ப மேல மயங்கி விழப் பாத்தன்." மலையைக் காட்டினாள். "அந்தப் பொம்புளையள் வாழ்க்கை முழுக்க இப்பிடித்தான் ஈக்கிறாங்க."

யசோதினி சொன்னது அத்தனையையும் சொல்லி முடித்தாள். நிஷாந்த் பம்பைக் கையில் வைத்தபடியே நின்றான். "எங்கம்மாவும் கொழுந்து எடுத்தவங்கதான் அக்கா" என்றான். "இத ஒருநாளும் நான் கேட்டதில்ல. அவங்களும் சொன்னதில்ல."

தாஸிம் நானா சாலையில் அப்படியே குந்திவிட்டார். "பாதை, சாப்பாடு, டியூப் எல்லாம் யோசிச்சன். இத யோசிக்கல்ல. என்ட பிழைதான்."

அன்று மாலைக்குள் அவர் கொஸ்லந்தை, வெல்லவாய வரை யார் யாருக்கோ போன் போட்டு, எங்கெங்கே கழிப்பறை உள்ள கடையும் கோயிலும் பள்ளிவாசலும் இருக்கின்றன என்று விசாரித்துவிட்டார். கூட்டம் அதன்படியே நின்று நின்று போனது. ஷஹீலா வழியெல்லாம் தண்ணீர் குடித்தாள், வழியெல்லாம் கேள்வி கேட்டாள். சொன்ன நாளிலேயே மொனராகலையில் போய் நின்றார்கள்.

ஆனால் யசோதினி அவள் மனதை விட்டுப் போகவில்லை. திரும்பி வந்ததும் தாஸிம் நானாவைக் கூட்டிக்கொண்டு அந்தத் தோட்ட ஆபீசுக்குப் போனாள். தகரமும் குழாயும் கதவும் தன் கடையிலிருந்து தருவதாக நானா சொன்னார். தோட்ட மேலாளரான துரையைப் பார்க்க விடாமல், மலையில் கழிப்பறை கட்டும் வழக்கமில்லை என்று கிளார்க்கே சொல்லி அனுப்பிவிட்டார். இரண்டாம் முறை போனபோதும் அதே பதில்தான்.

அப்புறம் வழி கண்டது யசோதினிதான். அவளும் கூட இருந்தவர்களும் பேசி வைத்துக்கொண்டு, மலைக்குத் தண்ணீர் கொண்டுபோய் வேண்டிய மட்டும் குடித்தார்கள். தேவைப்பட்டவள் கூடையை வைத்துவிட்டு லயத்துக்கு நடந்தாள், துணைக்கு இன்னொருத்தியும் நடந்தாள். கங்காணி சத்தம் போட்டார். சிலருக்கு அரைப் பேர் விழுந்தது. அவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டார்கள். அடுத்த மலைப் பெண்களும் அதையே செய்யத் தொடங்கியதும் பாக்டரிக்குப் போகும் கொழுந்து குறைந்தது. துரை ஆபீசிலிருந்து ஆள் வந்தது.

மழைக்காலத்துக்கு முன்பே அந்த மலையின் ஓரத்தில், தாழ்ப்பாளும் தண்ணீர்க் குழாயும் உள்ள இரண்டு கழிப்பறைகள் எழுந்தன. மற்ற மலைகளுக்கும் ஒவ்வொன்றாகக் கட்டித் தருவதாகத் துரை ஒப்புக்கொண்டார். திறந்துவைத்த நாளில் சைக்கிள் கூட்டமும் ஏறி வந்திருந்தது. புதிதாகச் சேர்ந்த இரண்டு பெண்களும் அதில் இருந்தார்கள்.

துரை இளவயது ஆள், கெட்ட மனிதர் இல்லை. நான்கு வார்த்தை பேசினார். "இதை முன்னமே சொல்லியிருந்தா முன்னமே செஞ்சிருப்போம். இவ்வளவு காலமா ஏன் ஒருத்தரும் கேக்கல?"

யசோதினி முன்னால் வந்தாள்.

"கேக்க வெக்கமா இருந்துச்சுங்க தொர. ஒடம்புல உள்ள தேவைய ஆம்பளைக முன்னுக்கு எப்புடிச் சொல்றதுன்னு வாய மூடிக்கிட்டு, சீக்கு வாங்கிக்கிட்டோம். இப்பதான் புரியுது. தாகத்துக்குக் குடிக்கிறதும் ஒதுங்க எடம் கேக்குறதும் வெக்கமே இல்லீங்க. பொம்பளைய வேலைக்குக் கூப்புடுறவங்களும், கூட்டிக்கிட்டு ஊரு போறவங்களும் அவ கேக்குறதுக்கு முன்னாடியே இந்த எடத்த யோசிக்கணும். அவ வாயத் தொறந்து கேக்குற மாதிரி வைக்கிறாங்க பாருங்க, அதுதாங்க வெக்கம்."