நூறாவது தளத்தில் ஆமை

ஆண்டறிக்கை முடியவில்லை. மதியம் கிளினிக்கில் ஆள் வராத நேரம் பார்த்து, பல் டாக்டர் ‘கிணறு’ என்ற கம்ப்யூட்டர் விளையாட்டின் ஆட்டக்காரர் மன்றத்துக்காக அதைத் தட்டிக்கொண்டிருந்தார். நூறு தளம் இறங்கி விளக்கை எடுத்தால் வெற்றி. நடுவில் செத்தால் செத்ததுதான். சேமித்த ஆட்டத்தையும் அதுவே அழித்துவிடும். இந்த வருடம் நாலாயிரத்துச் சொச்சம் சாவு, வெற்றி ஒன்றுகூட இல்லை. இதற்குப் பெயர் பொழுதுபோக்காம்.

‘வென்றவர்’ என்ற இடத்தை ஆமைக்காகக் காலியாக விட்டிருந்தார். ஓர் அடி வைக்க ஒரு வாரம் யோசிக்கும் மனுஷன், அதனால் மன்றத்தில் அந்தப் பட்டப்பெயர். பதினோரு வருடத்தில் முதன்முறையாக நூறாவது தளத்தைத் தொட்டார். தொட்ட வாரமே பக்கவாதம். இப்போது தலையும் கண்ணும்தான் அசைகின்றன. பேச்சும் போய்விட்டது.

போன் அடித்தது. ஆமையின் மனைவி, ஆஸ்பத்திரியிலிருந்து.

“கம்ப்யூட்டர அவர் முன்னாடியே வெச்சிருக்கேன் டாக்டர். அதையேதான் பாத்துக்கிட்டு இருக்காரு. நீங்க சொல்லுங்க, நான் அழுத்துறேன்.”

அடுத்தவர் கைபட்ட வெற்றி செல்லாது என்று விதி எழுதியவரே டாக்டர்தான். விதியாவது மண்ணாங்கட்டியாவது!

திரையில் இருப்பதை அந்த அம்மா சொல்லச் சொல்ல, மருந்துச் சீட்டின் பின்பக்கம் வரைந்துகொண்டார். விளக்கு வலப்பக்கம் நாலு கட்டத்தில். அங்கே நின்றுதான் எடுக்க முடியும். நிற்காமல் தாண்டினால் நெருப்புக் குழி.

“வலது அம்புக்குறிய அழுத்துங்கம்மா. நாலு கட்டம் போனாப் போதும்.”

விட்டுவிட்டு அழுத்த வேண்டும், விரலை எடுக்காவிட்டால் ஓடிவிடும் என்று சொல்ல அவருக்குத் தோன்றவே இல்லை. இருபது வருடமாக ஆடுகிறவர். மூச்சு விடுவது எப்படி என்று யாருக்காவது சொல்லித்தருவோமா?

“போகுது டாக்டர், போகுது! இவரு சத்தமெல்லாம் போடுறாரு பாருங்க! சந்தோஷம் தாங்கல!”

போனில் அந்தச் சத்தம் கேட்டது. சந்தோஷச் சத்தம் இல்லை அது.

“கைய எடுங்கம்மா! கைய எடுங்க!”

“எடுத்துட்டேன். எல்லாம் கறுப்பா ஆயிடுச்சே. ஜெயிச்சிட்டாரா?”

ஆட்டத்தை எழுதியவனே வந்தாலும் இனி ஒன்றும் செய்ய முடியாது.

“டாக்டர்? இருக்கீங்களா? இவரு கண்ணுல தண்ணியா ஊத்துது. ஆனா என்னையப் பாத்துச் சிரிக்கப் பாக்குறாரு. நான் ஏதாச்சும் தப்பா அழுத்திட்டேனா?”