பிளேசர் போட்டுவிடும் உரிமை

எங்கள் பள்ளியில் பிரிஃபெக்ட் என்னும் மாணவர் தலைவனாகிற பையன் தன் பிளேசர் கோட்டைத் தானே போட்டுக்கொள்ளக் கூடாது. குடும்பத்து ஆண்களில் ஒருவர் மேடையில் அவன் பின்னால் நின்று, கைகளை நுழைக்க வைத்து, தோளில் இழுத்துவிட்டு, காலரைச் சரிசெய்ய வேண்டும். பிள்ளையை வீடு பள்ளியிடம் ஒப்படைக்கிறது என்று அதற்குப் பொருள். கத்தோலிக்கத் துறவிகளான பிரதர்கள் தொடங்கிவைத்த வழக்கம். இன்று பள்ளி மலேசியாவின் பெட்டாலிங் ஜெயாவில், தனியார் பள்ளியாக, கண்ணாடிக் கட்டடத்தில் நடக்கிறது. வழக்கத்தை மட்டும் யாரும் தொடவில்லை.

எனக்கு என் தகப்பனார் போட்டுவிட்டார். என் மகன் ஜெரோமுக்கு நான் போட்டுவிட்டேன். மண்டபத்துப் பலகையில் பஸ்தியாம்பிள்ளை என்ற பெயர் மூன்று தலைமுறையாகப் பொன்னெழுத்தில் இருக்கிறது. இந்த வருடம் பேரன் டொமினிக் செந்தூரனின் முறை. ஜெரோம் டோஹாவில் வேலை செய்கிறான், விடுமுறை கிடைக்கவில்லை. ஆகவே மேடை ஏறப்போவது நான்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. சாம்பல் நிற சூட்டைச் சலவைக்கும் கொடுத்துவிட்டேன்.

அப்போதுதான் பூச்சோங்கிலிருந்து மருமகள் கௌசலா போன் செய்தாள்.

"மாமா, கோவிச்சுக்காதீங்க. நம்ம டொமினிக், பிளேசர் போட்டுவிட எங்கப்பா பேர ஸ்கூல்ல குடுத்துட்டான்."

"தானாகக் குடுத்தவனோ, ஆரும் குடுக்கச் சொன்னவையோ?"

"ஐயோ, நான் ஒண்ணுமே சொல்லல மாமா. பையனோட இஷ்டம்னு பிரின்சிபல் சொல்லிட்டாரு. நாங்க என்ன பண்றது?"

போனை வைத்தேன். என் மனைவி மார்க்கிரட் முகத்தைப் பார்த்தே விசயத்தைப் புரிந்துகொண்டாள். "இஞ்சாருங்கோ, அவரும் பிள்ளைக்குப் பேரன்தானே" என்றாள். எங்கள் யாழ்ப்பாணப் பேச்சில் தாத்தாவையும் பேரன் என்போம். அந்த நேரத்தில் அந்தச் சொல் கூட எனக்குக் கசந்தது.

கௌசலாவின் தகப்பனார் பக்கிரிசாமி கிள்ளானில் லோரிகள் வைத்திருக்கிறார். நல்ல மனிதர், நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் அந்தப் பள்ளியில் படித்தவர் அல்லர். அங்கே ஜெபம் சொல்லத் தெரிந்தவரும் அல்லர். சனிக்கிழமைகளில் ரக்பி பயிற்சிக்கு வந்து, வேலியோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பையன்களுக்கு நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலம் கொடுப்பார். அவ்வளவுதான். ஒரு சனிக்கிழமை நானும் போயிருந்தேன். சேறு பூசிய சீனப் பையன்களும் மலாய்ப் பையன்களும் "தாத்தா! தாத்தா!" என்று கத்திக்கொண்டு அவரிடம் ஓடினார்கள். எவனுடைய தாத்தா? பழைய மாணவர் சங்கத்து டை கட்டி நின்ற என்னிடம் ஒருவன் வந்து, "அங்கிள், கார் பார்க் அந்தப் பக்கம்" என்றான். டொமினிக் தன் பொட்டலத்தைப் பிரித்து அவர் காலடியில் உட்கார்ந்து தின்றான். நான் கிட்டப் போனபோது எழுந்து நின்று, "குட் மார்னிங் அப்பப்பா" என்றான். நாங்கள் வளர்த்த மரியாதை அது. அன்று ஏனோ அந்த மரியாதை எனக்குப் போதவில்லை.

கௌசலாவின் போன் வந்த மறுநாள், கோயிலில் பூசை முடிந்ததும் கிள்ளானுக்குக் காரை விட்டேன்.

லோரி யார்டில் பக்கிரிசாமி கைலியும் பனியனுமாக நின்றார். "வாங்க சம்பந்தி! ஏன் வெயில்ல நிக்கிறீங்க? டேய் விஜயா, ஐயாவுக்கு ஒரு தே தாரிக் சொல்லுடா."

"தேத்தண்ணி வேண்டாம். வந்த விசயத்தைச் சொல்லிப்போட்டுப் போறன்."

சொன்னேன். மூன்று தலைமுறை, பலகை, என் தகப்பனார், நான், ஜெரோம், எல்லாவற்றையும் சொன்னேன். இது தனி மனிதரின் ஆசை இல்லை, குடும்பத்தின் இடம் என்றும் சொன்னேன். பக்கிரிசாமி கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

அவர் பதில் சொல்லுமுன் லோரியில் சாய்ந்திருந்த டிரைவர் விஜயன் வாயைத் திறந்தான். "அப்ப என் நிலைமை என்னா பாஸ்? தெனம் மத்தியானம் என்னிய நிக்க வெச்சு ரெயின்கோட்ட மாட்டி மாட்டிக் கழட்டுனீங்களே! லோரி ஏத்துற நேரம் போச்சு, வேர்த்தே செத்தேன் லா!"

"சும்மா இருடா, பன்னாட." பக்கிரிசாமி சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "நீங்களே செய்ங்க சம்பந்தி. நீங்க படிச்ச எடம். எனக்கு அங்க மேடையில எந்தப் பக்கம் ஏறணும்னு கூடத் தெரியாது. தம்பிகிட்ட நான் சொல்லிக்கறேன்."

ஒரு வாதமும் இல்லை. வாதாடியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அந்தக் காரியத்துக்காக மனிதர் ஒத்திகை பார்த்திருக்கிறார். நான் சூட்டைத்தான் சலவைக்குக் கொடுத்திருந்தேன். ஆனாலும் உரிமை உரிமைதான். நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

விழா நாளில் மண்டபம் நிறைந்திருந்தது. என் பெயரை ஒலிபெருக்கியில் முழுதாக வாசித்தார்கள். நிமிர்ந்து நடந்தேன். என் முன்னால் டொமினிக் முதுகைக் காட்டி நின்றான். ரக்பி ஆடிய தோள்கள், என்னைவிட ஒரு சாண் உயரம். பிளேசரை விரித்துப் பிடித்தேன். அவன் கைகளை நுழைத்தான். நான் இழுத்துவிடுவதற்குள் தோளை ஒரு குலுக்குக் குலுக்கித் தானே உடுத்திக்கொண்டான். எனக்குக் காலர்தான் மிஞ்சியது. அதைத் தடவிவிட்டேன்.

"தேங்க் யூ அப்பப்பா" என்றான். குரலில் குறையில்லை. ஆனால் கண்கள் என்மேல் இல்லை. கடைசி வரிசையில், கதவருகே, புது வெள்ளைச் சட்டையில் இருந்த பக்கிரிசாமியைத் தேடிப் பிடித்திருந்தன. அவர் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கித் தட்டிக்கொண்டிருந்தார்.

விழா முடிந்து கார் நிறுத்துமிடத்துக்கு வந்தோம். கௌசலா என் முகத்தைப் பார்க்காமல் சாவியைத் தேடினாள். டொமினிக் பிளேசரைக் கழற்றினான். அதைப் பக்கிரிசாமியின் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி நின்றான்.

"என்னடா தம்பி இது? அப்பப்பா போட்டு விட்டாச்சு."

"நீங்க போடுங்க தாத்தா."

"எல்லாரும் பாக்கறாங்கடா."

"பாக்கட்டும். போடுங்க லா."

பக்கிரிசாமி என்னைப் பார்த்தார். நான் என் டையின் முடிச்சைச் சரிசெய்துகொண்டேன். அவர் பிளேசரை உதறி, பையனின் கைகளுக்குத் தாழ்த்திப் பிடித்து, ஒரே வீச்சில் தோளில் ஏற்றினார். டொமினிக் குலுக்கவில்லை. அசையாமல், அவர் காலரை மடித்துத் தோளைத் தட்டிவிட்டு முடிக்கும்வரை நின்றான். சுற்றி நின்ற ரக்பி பையன்கள், "தாத்தா! தாத்தா!" என்று ஆரவாரம் செய்தார்கள்.

மார்க்கிரட் என் முழங்கையைப் பிடித்தாள். "வாங்கோ, காருக்குள்ள இருப்பம்."

"பொறும்" என்றேன். அங்கிருந்து போனால் தோற்றுப் போனதாக இருக்கும். பலகையில் வரப்போகும் பெயர் பஸ்தியாம்பிள்ளைதான். அதை யாரும் மாற்ற முடியாது. அதை எனக்குள் இரண்டு தடவை சொல்லிக்கொண்டேன்.

டொமினிக் என்னிடம் வந்தான். அதே மரியாதையோடு தன் போனை இரண்டு கைகளாலும் நீட்டினான். "அப்பப்பா, எங்கள ஒரு போட்டோ எடுக்கிறீங்களா?"

வாங்கினேன். இருவரும் தோளோடு தோள் சேர்ந்து நின்றார்கள். சிரியுங்கள் என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.