திரைக்குள் அடங்காத கட்டம்

ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர்க்காரனுக்கு அகலமான புது மானிட்டர். நோயாளி விவர ஃபாரத்தை அதில்தான் உருவாக்கினான். கட்டங்களெல்லாம் அழகாக உட்கார்ந்தன. சேர்க்கை மேசையிலும் அதே அகலம்தான். மூன்றாவது வார்டில் இருந்ததோ ஆதிகாலத்துச் சின்ன மானிட்டர். அதில் ஃபாரத்தின் கடைசிக் கட்டம் திரைக்குக் கீழே போய்விட்டது; நகர்த்திப் பார்க்கவும் வழியில்லை. பெயர் மறைந்திருக்கலாம், விலாசம் மறைந்திருக்கலாம். மறைந்தது 'ஒத்துக்கொள்ளாத மருந்து' என்ற கட்டம்.

அந்த வார்டு நர்ஸ் அவனுடைய அண்ணி. இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள்.

"தம்பி, உங்க ஃபாரம் என் கம்ப்யூட்டர்ல அடங்கலையோன்னு தோணுது. ஓரமெல்லாம் வெட்டுப்பட்ட மாதிரி இருக்கு."

"கண்ணாடி போடுங்க அண்ணி, எல்லாம் தெரியும்" என்று சிரித்தான். காதில் போட்டுக்கொண்டால்தானே, மகராசன்!

காய்ச்சலோடு ஒரு லாரி டிரைவர் வந்து படுத்தார். தனக்கு எது ஆகாது என்று சேர்க்கை மேசையில் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தார். அந்த மருந்தையே அண்ணி ஊசியில் ஏற்றினாள். சாயங்காலத்துக்குள் ஆள் போய்விட்டார்.

கம்ப்யூட்டர்க்காரன் ஓடிப்போய் அந்தச் சின்ன மானிட்டரைப் பார்த்தான்; கட்டத்தைக் காணோம். இன்னொரு உயிர் போகக்கூடாதே என்று அன்றே உட்கார்ந்தான். எந்த மானிட்டரில் திறந்தாலும் அதன் அளவுக்கு ஏற்ப ஃபாரம் தானே சுருங்கி விரியும்படி மாற்றினான். அவன் செய்ததிலேயே உருப்படியான வேலை அதுதான். ஒரு நாள் முன்னால் செய்திருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருக்கலாம்.

மறுநாள் விசாரணை. பெரிய டாக்டர் அதே சின்ன மானிட்டரில் ஃபாரத்தைத் திறந்தார். கட்டம் பளிச்சென்று நின்றது, மருந்தின் பெயரோடு.

"இது உன் கண்ணுக்குத் தெரியலையாம்மா?"

"நேத்து இது இங்க இல்ல சார்."

"அப்போ ராத்திரியோட ராத்திரியா முளைச்சிருச்சா?"

அண்ணி பக்கத்தில் நின்ற கொழுந்தனைத் திரும்பிப் பார்த்தாள். ஆமாம், முளைக்கவைத்தது நான்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் வேலை தப்பும், அவன் வேலை போகும். கோழைப்பயல், குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

வேலை போன அண்ணியை அவனே பைக்கில் வீட்டுக்கு அழைத்துப்போனான்.

"நீங்க அப்பவே சொன்னீங்க தம்பி" என்றாள் பாதி வழியில். "கண்ணாடி போட்டிருக்கணும். அந்த மனுஷன நானே கொன்னுட்டேன்."

"அழாதீங்க அண்ணி" என்றான் அவன், வண்டியை நிறுத்தாமல்.