வெளிக்கிட்டவர்

நீதிமன்ற நடைவழியில் புஸ்பவதி மேலங்கியைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். ஹனோவரில் ஒரு ஆஸ்பத்திரியில் தரை கழுவிவிட்டு நேரே வந்தவள். சப்பாத்தில் ஈரம் இன்னும் காயவில்லை. பக்கத்தில் அன்ரன் இருந்தான்.

முப்பது வருடங்களுக்கு முன்பு அவர்கள் இருவரையும் வின்சன்றையும் ஒரு உணவகத்து முதலாளி நிலவறையில் பூட்டி வைத்து வேலை வாங்கினார். சம்பளம் என்ற பேச்சே கிடையாது. பாஸ்போர்ட்டுகள் அவருடைய இரும்புப் பெட்டிக்குள் கிடந்தன. ஒருநாள் காலை நிலவறையிலிருந்து போன வின்சன்ற், மாலையில் கால்வாயில் பிணமாக மிதந்தார். அந்த வாரமே மற்ற இருவரும் ஜன்னலை உடைத்துத் தப்பிப் பொலிசிடம் ஓடினார்கள். முதலாளி எப்போது வந்தார் என்று மொழிபெயர்ப்பாளர் ஒருவர் மூலம் புஸ்பவதியிடம் மட்டும் ஒரே கேள்வி கேட்டார்கள், அவள் சொன்னாள், அத்தோடு கொலைப் பழியிலிருந்து முதலாளியை விட்டுவிட்டார்கள். ஏன் என்று அவளுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

கொலைக்குக் காலாவதி இல்லை என்கிறது ஜெர்மன் சட்டம். நல்லவேளை. முதலாளியின் சாரதி சாகக் கிடந்தபோது, பிணத்தைக் காரில் ஏற்றியதைச் சொல்லிவிட்டுப் போய்ச் சேர்ந்தான். வழக்கு மறுபடி உயிர்பெற்றது.

உள்ளே, முதலாளியின் வழக்கறிஞர் அவளுடைய பழைய வாக்குமூலத்தை ஜெர்மன் மொழியில் வாசித்தார். வின்சன்ற் போன பிறகுதான் முதலாளி வந்தார் என்றிருந்தது. சந்திக்காத ஆளை எப்படிக் கொல்வது என்று கேட்டார். இப்போது புஸ்பவதிக்கு ஜெர்மன் தெரியும். தான் அப்படிச் சொல்லவேயில்லை என்றாள். அன்று சொன்னதைத் தமிழிலேயே சொல்லும்படி நீதிபதி கேட்டார்.

“வின்சன்ற் அண்ணை வெளிக்கிட்டாப் பிறகுதான் முதலாளி வந்தவர்.”

நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் நிருபமா பாதியில் நின்றாள். கோயம்புத்தூர்க்காரி.

“அக்கா, வெளிக்கிட்டார்னா வெளியே போயிட்டார்னு அர்த்தமா?”

அப்போதுதான் புஸ்பவதிக்கு விளங்கியது. முன்பு மொழிபெயர்த்தவரும் இந்தியாக்காரர்தான். அவர் இப்படிக் கேட்கவில்லை. அவள் எழுந்தாள். மேலங்கியின் பொத்தான்களைக் கழுத்துவரை பூட்டினாள். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, நின்ற இடத்திலேயே நின்றாள்.

“இதுதான் பிள்ளை வெளிக்கிடுறது. நான் இன்னும் போகேல்லை. அவரும் போகேல்லை. இப்பிடி நிண்டுகொண்டுதான் பாஸ்போர்ட்டைத் தாங்கோ எண்டு கேட்டவர். முதலாளி எங்களை உள்ளுக்கை வைச்சுப் பூட்டிப்போட்டு அவரை மேலை இழுத்துக்கொண்டு போனவர்.”

நிருபமா ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தாள். அதுவரை வழக்கறிஞரோடு சிரித்துக்கொண்டிருந்த, இப்போது கிழவராகிவிட்ட முதலாளி, சிரிப்பை நிறுத்தினார்.

தீர்ப்பு நாளில் ஆயுள் தண்டனை என்று வாசித்தபோது அன்ரன் குழந்தை மாதிரி அழுதான். புஸ்பவதிக்கு அழுகை வரவில்லை. மனம் நிறைந்துபோய் வாய்விட்டுச் சிரித்தாள், யாரும் தடுக்கவில்லை. கிழவரைக் காவலர்கள் பக்கத்துக் கதவால் கொண்டுபோனார்கள். பூட்டும் சத்தம் அவளுக்கு நன்றாகவே கேட்டது.

“போவமே, அக்கா?” என்றான் அன்ரன்.

“ஓம், வாறன்.”

சான்றுப் பொருட்கள் இருந்த மேசையருகே அவள் கொஞ்சம் நின்றாள். இரும்புப் பெட்டியிலிருந்து எடுத்த வின்சன்றின் பாஸ்போர்ட் ஒரு பிளாஸ்ரிக் பைக்குள் இருந்தது. படத்தில் அவர் தலையைப் படிய வாரி, சட்டையைக் கழுத்துவரை பூட்டி, வெளிக்கிட்டு நின்றார்.